நாலு வீட்டுப் பேர்ப்பெட்டி

கல்லேறிப்பாளையத்துக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காது மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள், திமிர் என்றும் நினைக்க வேண்டாம், திமிர் பிற்பாடுதான் வந்தது. கூப்பிட்ட பேர் முதலில் நாலு பெரிய வீட்டு வாசலுக்குப் போய், வீட்டுக்கு வீடு நின்று, யாரும் எட்டிப் பார்க்காமல் அலுத்துப்போய், அதற்கப்புறம்தான் உரியவன் காதுக்கு வந்து சேரும். அதற்குள் கூப்பிட்டவன் டீயைக் குடித்து முடித்துக் கிளாஸையும் திருப்பிக் கொடுத்திருப்பான்.

தன் ஊர்க் கிணற்றில் ஒரு வாளித் தண்ணீருக்கு வழியில்லாமல், மற்ற மாநிலத்துக்கெல்லாம் போய்ப் போர் போட்டுத் தண்ணீர் காட்டியே பணக்காரனான ஊர் அது. வீட்டுக்கு ஒரு போர் போடுகிற ரிக் வண்டி, இல்லாவிட்டால் ரிக் வண்டியில் வேலைக்குப் போகிற ஓர் ஆள். பணம் வந்ததும் மாடி வந்தது, மாடிக்கு மேல் இன்னொரு மாடி வந்தது, வாசலில் கிரானைட் வந்தது, புத்தி மட்டும் வருகிற வழியில் எங்கேயோ வண்டி பஞ்சராகி நின்றுவிட்டது. இப்படித்தான் கலாமணி சொல்வாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவள், ஈரோட்டில் தங்கிப் படித்தவள். அந்த ஊரில் அவள் மதிக்காத ஆண்கள் யார் யார் என்று கேட்டால் வாக்காளர் பட்டியலை எடுத்து முதலிலிருந்து வாசிக்க வேண்டியிருக்கும். தன் புருஷன் குழந்தைவேலின் பேர் வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் தயங்குவாள், தயங்கிவிட்டு அதையும் வாசித்துவிடுவாள்.

ரிக் வண்டிச் சங்கத்துக்கு ஒரு வெப்சைட் வேண்டுமென்று அவளைத்தான் கூப்பிட்டார்கள். ராஜஸ்தான்காரன் போனைத் தட்டினால் கல்லேறிப்பாளையம் வர வேண்டும், அதற்குள் ஊரில் ஒவ்வோர் ஆளுக்கும் அவன் பேரிலேயே ஒரு பக்கம் இருக்க வேண்டும், முதலாளியானாலும் ராடு தூக்குகிறவனானாலும் சரி. அதுவரைக்கும் நல்ல யோசனைதான். சங்கக் கூட்டத்தில் கலாமணி எழுந்து நின்று, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி எடுத்துச் சொன்னாள்.

"ஒருத்தர் பேரைத் தட்டுனா, அந்தப் பேரு எங்க இருக்குதுன்னு காட்டிக் குடுக்கறதுக்கு ஒரு மிஷின் வேணுங். நேம் சர்வர்னு சொல்லுவாங்க. அது பதில் சொன்னாத்தான் மத்ததெல்லாம் வரும். ஒண்ணு நின்னு போனாலும் இன்னொண்ணு சொல்லோணும், அதனால ரண்டு வெச்சாப் போதுங்."

"பேரைக் காட்டிக் குடுக்கற பொட்டி," என்றார் சங்கத் தலைவர் நாச்சிமுத்து, மீசையைத் தடவிக்கொண்டே. "அப்படின்னா முதப் பொட்டி யாரு ஊட்டுல?"

அங்கேதான் கெட்டது. அந்த ஊரில் அம்மன் கோயில் முதல் மரியாதை நாலு வீட்டுக்கு உரியது. முதல் மாலை நாச்சிமுத்து வீட்டுக்கு, இரண்டாவது அர்த்தநாரி வீட்டுக்கு, மூன்றாவதும் நாலாவதும் அவர்கள் பங்காளிகள் இரண்டு வீட்டுக்கு. இந்த வரிசைக்காகத் தேரை நிறுத்தியிருக்கிறார்கள், தலையை உடைத்திருக்கிறார்கள், ஹைகோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறார்கள், ஒருமுறை அம்மனையே வெயிலில் நடுத்தெருவில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஊர்ப் பேரையெல்லாம் வைத்திருக்கிற பெட்டி என்றால் சும்மாவா? கோயிலில் எந்த வரிசையோ அந்த வரிசையில்தான் பெட்டியும் இருக்க வேண்டும், எவன் எவனைத் தேடினாலும் முதலில் தலைவர் வீட்டைக் கேட்க வேண்டும், அங்கே பதில் இல்லை என்று நன்றாக உறுதியான பிறகே இரண்டாம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்தாவதாக ஒன்று வைக்கலாம் என்றதும், கடைசி இடம் எந்த வீட்டுக்கும் வேண்டாமாம், அதைக் கலாமணியின் கடையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

அவள் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. காத்துக் கிடந்து சாகட்டும் இந்தக் கழுதைகள் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு, சொன்னது சொன்னபடி, சொன்ன வரிசையில் கம்ப்யூட்டரில் தட்டிக் கொடுத்தாள். பெட்டிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, கிடா வெட்டி விருந்து போட்டார்கள். விருந்து முடிந்ததும் நாச்சிமுத்து தன் பெட்டியைப் பூஜை அறையில் வைத்து மாலை போட்டு, கரண்ட் பில் ஏறுமென்று சுவிட்சை அணைத்துவிட்டார். அர்த்தநாரி வீட்டுப் பெட்டி ஹாலில் கண்ணாடி அலமாரிக்குள் விளக்குப் போட்டுக்கொண்டு நின்றது, அதற்கு வந்த நெட் ஒயரைத்தான் அவர் சம்சாரம் அவிழ்த்து மொட்டை மாடியில் துணி காயப்போடக் கட்டிவிட்டாள். மூன்றாம் வீட்டுப் பெட்டியில் இருந்ததையெல்லாம் பேரன் அழித்துவிட்டு கேம் ஏற்றிக்கொண்டான். நாலாம் வீட்டுப் பெட்டி நன்றாகத்தான் வேலை செய்தது, ஆனால் மூத்த வீடுகளை முந்திக்கொண்டு பதில் சொன்னால் மரியாதைக் குறைவு என்று அந்த வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டபடி, யார் வந்து எதைக் கேட்டாலும் முதல் வீட்டைக் கேளுங்கள் என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒழுங்காகப் பதில் சொன்னது கலாமணி கடையில் இருந்த ஐந்தாவது பெட்டி ஒன்றுதான்.

மறுநாள் காலையிலிருந்து ஊரில் பேர்கள் தாமதமாக ஆரம்பித்தன.

பால்காரர் வாசலில் நின்று "சரசக்கா" என்று கூப்பிட்டுவிட்டுப் பார்த்துப் பார்த்து அடுத்த தெருவுக்குப் போய்விட்ட பிறகு, சரசக்கா சொம்போடு வெளியே ஓடி வந்தாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முதல் மணியில் வாசித்த பேர்களுக்கு இரண்டாம் மணிக் கணக்குப் பாடத்தின் நடுவே ஒவ்வொரு மூலையிலிருந்தும் "உள்ளேன் ஐயா" கிளம்பியது. பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் ஒருத்தன் பேரை ஒருத்தன் சொல்லி அம்மாவையும் அக்காவையும் இழுத்துத் திட்டிக்கொண்டார்கள், ஒன்றும் கேட்காததால் சமாதானமாகிப் புரோட்டா சாப்பிட உட்கார்ந்தார்கள், திட்டு வந்து சேர்ந்ததும் சால்னாவோடு எழுந்து அடித்துக்கொண்டார்கள். கோயிலில் பேர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தால் பலன் பிந்தி வந்தது, பரீட்சைக்கு வேண்டிக்கொண்ட பையனுக்கு ஃபெயிலான பிற்பாடு படிப்பு ஏறியது. செத்துப்போன ஒரு பெரியவரைப் பேர் சொல்லிச் சொல்லிப் பெண்கள் மாரடித்து அழுத அழுகை, அவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் விறகு அடுக்கிய நேரத்தில் போய்ச் சேர்ந்து, பாடையிலிருந்து "ஏன்?" என்று ஒரு குரல் வந்தது. உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் பதில் சொல்லாத மனுசன், இப்பவாவது கேட்டாரே என்று, சேதி கேட்ட அவர் சம்சாரம் மூக்கைச் சிந்திவிட்டுப் போனாள்.

வேறு ஊராக இருந்தால் டாக்டரைப் பார்த்திருப்பார்கள், மந்திரவாதியையாவது பார்த்திருப்பார்கள். கல்லேறிப்பாளையம் இதில் கௌரவத்தைப் பார்த்தது. கூப்பிட்டவுடனே திரும்பிப் பார்க்கிறவன் வேலைக்காரன், மெதுவாகத் திரும்புகிறவன் முதலாளி என்று அவர்களுக்கு ஏற்கனவே ஒரு எண்ணம் உண்டு. இப்போது ஊரே முதலாளியாகிவிட்டது. பேர் வந்து சேர்ந்த பிறகும் இன்னும் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, என்னமோ போனால் போகிறது என்று தலையைத் திருப்பினார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் படிப்பு, வண்டி, தோட்டம் எல்லாம் விசாரித்த பிறகு, மாப்பிள்ளை பேர் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார்கள். நாச்சிமுத்துவை யாராவது கூப்பிட்டால் அவர் சாயங்காலம்தான் திரும்புவார். அந்த மனுசன் நாள் முழுக்கத் திண்டுமெத்தையில் சாய்ந்து, யாரோ எப்போதோ கூப்பிட்டதற்காகக் காத்துக்கொண்டு, அதையே ஒரு தொழிலாகச் செய்தார்.

ஆனால் வெப்சைட்டும் அதே தாமதத்தில் திறந்ததால் வெளியூர்க்காரன் பொறுக்கவில்லை, பக்கத்து ஊர் ரிக்கைக் கூப்பிட்டுப் போய்விட்டான். சோற்றில் கை வைத்தால் கௌரவம் கொஞ்சம் இறங்கும். சைட்டு ஏன் இத்தனை மெதுவாக வருகிறதென்று பார்க்கச் சொல்லிக் கலாமணிக்கு ஆள் அனுப்பினார்கள்.

அவள் லைனைப் பார்த்தாள், லைன் சரி. வெப்சைட் இருக்கிற மிஷினைப் பார்த்தாள், அதுவும் சரி. பேரைத் தட்டாமல் மிஷினுடைய நம்பரை நேராகத் தட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் பக்கம் வந்து நின்றது. பேரைத் தட்டினால்தான் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு மத்தியானம் சோற்றுக்கு வீட்டுக்குப் போனவள், பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் நின்று "கொழந்தவேலு, கொழந்தவேலு" என்று தொண்டை கிழியக் கத்துவதையும், தன் புருஷன் ஒன்றும் கேட்காமல் முருங்கைக்காய் சப்பிக்கொண்டிருப்பதையும் பார்த்தாள்.

"ஏனுங்க," என்றாள் மெதுவாக.

"என்ன புள்ளெ?" என்று அவர் உடனே நிமிர்ந்தார்.

கலாமணி கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து யோசித்தாள். அந்த ஊரில் எந்தப் பெண்டாட்டியும் புருஷன் பேரைச் சொல்வதில்லை. பேரில்லாமல் கூப்பிட்டால் நேராகப் போகிறது, பேரைச் சொன்னால் சுற்றிக்கொண்டு போகிறது. சைட்டுக்கு என்ன நோயோ அதே நோய்தான் ஊருக்கும், இரண்டும் அந்தப் பாழாய்ப்போன வரிசையிலிருந்து வந்தது. இது தெரிந்ததும் அவளுக்கு ஆச்சரியமெல்லாம் வரவில்லை. இந்த ஊர் ஆம்பளைகளிடம் ஒரு கம்ப்யூட்டர்கூட ஒழுங்காகப் பழகாது என்றுதான் தோன்றியது.

சங்கத்தில் போய்ச் சொன்னாள். "செத்த பொட்டிய நாலு வரிசையா முன்னால வெச்சுட்டு, உசுரோட இருக்கற பொட்டியக் கடைசில வெச்சிருக்கறீங்க. அதத் திருப்பி வெச்சுட்டா எல்லாம் சரியாப் போயிருங்."

அவள் பேர் சொல்லிக் கூப்பிடாமலே பேசியதால் நாச்சிமுத்துவுக்கு உடனே கேட்டது. "முதல்ல உன்ற கடையா? அப்பறம் நாங்களா?"

"உங்க பொட்டிக்குச் சுவிட்சாவது போடுங்க தலைவரே."

"சாமி ரூம்ல இருக்குது அம்மிணி. அதுக்கு மால போட்டிருக்குது. கண்டதையும் போடச் சொல்லாத."

அவ்வளவுதான். அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் போட்டார்கள். பேரில்லாமல் டேய், ஏய், இந்தா என்று கூப்பிடுவது ஊருக்கு அவமானம், யாரைக் கூப்பிட்டாலும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அவசரமாக வேண்டுமென்றால் முன்கூட்டியே கூப்பிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

முன்கூட்டியே கூப்பிட்டு வைப்பதாவது. ரிக் வண்டியில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும், அங்கே உயிர் என்பது ஒரு சத்தத்தில் இருக்கிறது. பூமியைத் துளைக்கிற இரும்பு ராடு தலைக்கு மேலே தொங்கும், கம்ப்ரசர் கத்தும், ஒருத்தன் பார்த்துக் கத்தினால் இன்னொருத்தன் நகர வேண்டும். சென்னியப்பன் என்கிற ஆள், முன்பு குழந்தைவேலோடு ஒன்றாய் வேலைக்குப் போனவன், ஆந்திராப் பக்கம் ஒரு தோட்டத்தில் ராடு மாட்டிக்கொண்டிருந்தபோது சங்கிலி நழுவியது. பேரைச் சொல்லிக் கத்தினார்கள், போய்ச் சேரவில்லை. பயத்தில் ஒருத்தன் தீர்மானத்தை மறந்து "டேய்" என்று கத்தினான், வண்டியைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் டேய்தான், அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், யாரைச் சொன்னான் என்று சென்னியப்பனும் திரும்பிப் பார்த்தான். வலது கை மணிக்கட்டோடு போனது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு முடித்த பிறகுதான் அவன் பேர் அவன் காதில் விழுந்ததாம். சங்கம் அவனுக்குச் சால்வை போர்த்தியது. போர்த்திய சால்வையைப் பிடித்துக்கொள்ள ஒரு கைதான் இருந்தது, அதை போட்டோ எடுத்து பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள்.

சென்னியப்பன் இடத்துக்குக் குழந்தைவேல் போவதாக முடிவானது.

"போக வேண்டாம்," என்றாள் கலாமணி.

"சும்மா இரு புள்ளெ. ஊருக்கே ஆகறதுதான நமக்கும்."

"ஊருக்குக் கை போச்சுன்னா உங்களுக்கும் போகோணுமா?"

"வேலைக்குப் போகாத ஊட்டுல உக்காந்தா என்னய எவன் மதிப்பான்?" என்றவர் பையில் லுங்கியை மடித்து வைத்தார். அந்த மனுசனை அவளுக்குப் பிடிக்கும். ஊரில் மற்ற எவனைவிடவும் அதிகமாக அவள் திட்டியது அவரைத்தான், காரணம் அதுதான். வண்டி கிளம்பிப் பைபாஸ் திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்றாள். நேராகக் கடைக்குப் போனாள், ஷட்டரைப் பாதி இறக்கினாள், யாரையும் கேட்காமல் நாலு வீட்டையும் பின்னால் தள்ளித் தன் கடைப் பெட்டியை முதலில் வைத்தாள். செய்து முடிக்க ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

மாற்றம் எல்லா இடத்துக்கும் பரவ ஒரு பொழுது பிடித்தது. அதற்கப்புறம் ஊர் பட்ட அவமானத்தைக் கேளுங்கள். கூப்பிட்டவன் வாயை மூடுவதற்குள் கூப்பிடப்பட்டவன் தலை தானாகத் திரும்பியது. வானத்தைப் பார்க்க முடியவில்லை, மீசையைத் தடவ முடியவில்லை. மீன்காரம்மா தெருமுனையிலிருந்து "நாச்சிமுத்தண்ணோவ், வஞ்சிரம் வேணுமா" என்றதும், சங்கத் தலைவர் தன்னை அறியாமல் துள்ளி எழுந்து "என்னங்" என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். அர்த்தநாரி வெளியில் தலை காட்டினால் கண்டவனும் கூப்பிடுவான் என்று வீட்டுக்குள்ளேயே கிடந்தார். வெப்சைட் பறந்தது, ராஜஸ்தானிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் போன் மேல் போன் வந்தது, அதை எடுத்துப் பேசக்கூட ஒருவருக்கும் மனசில்லை, எழவு விழுந்த வீடு போல ஊர் கிடந்தது.

குழந்தைவேல் அந்த வாரமே பஸ்ஸில் திரும்பி வந்தார். தோள்பட்டையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. கலாமணி சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், இரண்டு கையையும் விரல் விரலாகப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னாச்சுங்க?"

"ராடு உழுந்துச்சு."

"எங்க உழுந்துச்சு?"

"நான் நின்ன எடத்துலதான். பேரச் சொல்லிக் கத்துனாங்க, கேட்டுச்சு, குதிச்சுட்டேன்."

அவளுக்குக் கும்பிட வேண்டும்போல இருந்தது, யாரைக் கும்பிடுவதென்று தெரியாமல் அவர் தோளில் இருந்த புழுதியைத் தட்டிவிட்டாள். அவர் அவள் கையை விலக்கினார்.

"பஸ் ஸ்டாண்டுல எறங்குனதுமே சொல்லிப் போட்டாங்க. நாலு ஊட்டுக்கும் முன்னால உன்ற பொட்டிய வெச்சுட்டயாமா. ஊரே கேக்குது, பொண்டாட்டி கடைல இருந்துதான் உனக்குப் பேரே வருதாமேன்னு. என்ற மொகத்த எங்க கொண்டுபோய் வெக்கறது?"

"அது உங்க கழுத்து மேலயே இருக்குதேன்னு சந்தோசப்படுங்க."

"மாத்தி வெய்யி."

"ராடு நீங்க நின்ன எடத்துல உழுந்துச்சுன்னு இப்பத்தான சொன்னீங்க?"

"உழுந்தா உழுகுது. மருவாதைனு ஒண்ணு இருக்குதல்ல? திங்கக்கெழம திருப்பி வண்டிக்குப் போகோணும். அதுக்குள்ள மாத்தி வெய்யி."

நாச்சிமுத்துவைக் கலாமணி வெறுத்தது ஒன்றுமே இல்லை, அது வெறும் பொழுதுபோக்கு. தன் உயிரைக் காப்பாற்றிய சத்தத்துக்காக வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கிற இந்த மனுசனைப் பார்த்தபோதுதான் அடிவயிற்றிலிருந்து ஏளனம் ஏறி வந்தது, அதோடு சேர்ந்து அவரை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டுமென்கிற ஆசையும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? "சரிங்க, மாத்திடறேன்," என்றாள்.

கடைக்குப் போனாள். சங்கத்துக்காரர்கள் ஷட்டருக்கு வெளியே கூட்டமாக நின்று பார்த்தார்கள். முதலில் தலைவர் வீடு, அடுத்து அர்த்தநாரி வீடு, மூன்றாவது, நாலாவது, கடைசியில் தன் கடை என்று, அவர்கள் கண் முன்னாலேயே பழைய வரிசையைத் தட்டிக் கொடுத்தாள். வெளியே கைதட்டினார்கள், யாரோ ஓடிப்போய் வெடி வாங்கி வந்தார்கள். அவர்கள் வெடிக்குத் திரி கிள்ளிக்கொண்டிருந்தபோது, ஊரிலுள்ள அத்தனை பேரின் பேரும் இருந்த தன் கடைப் பெட்டியைத் திறந்து, அதில் தன் புருஷன் பேரை மட்டும் தேடிப் பிடித்து அழித்துவிட்டு எழுந்தாள்.

அன்றிலிருந்து கல்லேறிப்பாளையத்தில் எல்லாப் பேரும் பழையபடி சாவகாசமாகப் போய்ச் சேர்ந்தன, அவர் பேரைத் தவிர. கூப்பிட வாயைத் திறந்தவர்களுக்கு நாக்கில் ஒன்றும் வரவில்லை. நன்றாகத் தெரிந்த மனுசன், சின்ன வயசிலிருந்து ஒன்றாய்த் திரிந்தவன், பேர் என்ன என்று நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க," "இந்தாங்க," "அட உங்களத்தானுங்க" என்றார்கள். பேர் இருக்கிறவனைப் பேர் சொல்லாமல் கூப்பிடக் கூடாது என்றுதான் தீர்மானம், பேரே இல்லாதவனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ரிக் வண்டியில் மற்ற எல்லோரையும் பேர் சொல்லித்தான் கத்த வேண்டும் என்பதால், பேரில்லாமல் ஒரு சத்தம் வந்தால் அது அவருக்குத்தான் என்று வண்டியைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. "ஏய்" என்றால் அவர் ஒருவர்தான் குதிப்பார். அவர் கூட வேலை பார்த்தவர்கள் விரல்களையும் கால்களையும் ஒவ்வொரு மாநிலத்தில் விட்டுவிட்டு வந்து சால்வை வாங்கிக்கொண்டார்கள். அவருக்கு ஒரு சால்வையும் கிடைக்கவில்லை, போர்த்துகிற நேரத்தில் மைக்கில் வாசிக்கப் பேர் வேண்டுமே.

கல்யாணப் பத்திரிகைகளில் அவர் பேர் வர வேண்டிய இடம் வெள்ளையாக வந்தது. கோயில் வரியில் அவர் பேர் ஏறவில்லை. வோட்டுப் போடப் போனால் சீட்டில் வெறும் வீட்டு நம்பர் இருந்தது. அவர் ஆசையாய்க் கட்டின மாடி வீட்டின் நெற்றியில் பதித்த கல்லில் அவள் பேர் மட்டும் நின்றது, அதைப் பார்த்துவிட்டு அவர் பின்வாசல் வழியாகவே போய்வந்தார். யார் செய்தது என்று அவருக்குத் தெரியும். ஒரே ஒரு முறை, "என்ற பேரக் குடுத்துரு புள்ளெ," என்று கேட்டார். "உங்க ரண்டு கையும் இருக்குது, அது போதுங்," என்று அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

அதற்கப்புறம் அவர் அவளோடு பேசவில்லை. ரிக் வேலையை விட்டு, தோட்டத்தைப் பார்த்து, பல்லெல்லாம் கொட்டி, முடி வெளுத்து, முதுகு வளைந்து, அவளை மன்னிக்காமல் அந்த ஊரிலேயே மிக நீண்ட காலம் உயிரோடு இருந்த ஆம்பளை அவர்தான். தினமும் மூன்று வேளையும் அவள் "ஏனுங்க, சோறு ஆறுது" என்பாள். மறுபேச்சில்லாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, உடனே வந்து உட்காருவார்.